கடந்த மூன்று மாதங்களில்

ஒரு நாட்டுக்குத் திடீரென்று ஒரு நாள் வெட்கம் வந்துவிட்டது. உலக நாடுகளையெல்லாம் வரிசையாக நிற்க வைத்து, எந்த நாட்டு மக்களுக்குக் கணினியும் போனும் எவ்வளவு கைவந்திருக்கின்றன என்று யாரோ பட்டியல் போட்டிருந்தார்கள். அதில் இந்த நாட்டைக் கீழிருந்து தேடினால் சீக்கிரம் கிடைத்தது. மந்திரி அறிக்கை விட்டார். செயலாளர்கள் மூன்று நாள் கூடிப் பேசினார்கள். பேசிய பேச்சில் ஒன்று மட்டும் தெளிவாயிற்று. மக்களுக்கு என்னென்ன தெரியாது என்பது அரசாங்கத்துக்கும் தெரியாது. ஆகவே முதலில் எண்ணிப் பார்ப்பது, பிறகு சொல்லித் தருவது என்று முடிவு செய்தார்கள். எண்ணுவதற்கு ஆள் வேண்டுமே. அப்படித்தான் டேப்லெட் அக்காவுக்கு வேலை கிடைத்தது.

அந்தப் பெயர் பிறகு தெருக்காரர்கள் வைத்தது. அதற்கு முன்னால் அவளை யாரும் எந்தப் பெயராலும் கூப்பிட்டதில்லை, கூப்பிட ஆள் இல்லை. வயது ஐம்பது. முப்பத்தொன்றில் அப்பா பக்கவாதத்தில் படுத்தார். பதினாறு வருடம் அவரைப் புரட்டிப் போடுவதும் துடைத்துவிடுவதும் வேளைக்கு மருந்து கொடுப்பதுமாகப் போயிற்று. நடுவில் கிடைத்த நேரத்தில் ஓர் அச்சகத்துக்காக வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து கொடுத்தாள். பெண் பார்க்க வருகிறோம் என்றவர்கள் முதல் வருடத்தோடு நின்றார்கள், எப்படி இருக்கிறாய் என்று விசாரித்தவர்கள் மூன்றாம் வருடத்தோடு. அப்பா போன பிறகு தம்பி வந்து காரியங்களை முடித்துவிட்டு ஊருக்குத் திரும்பினான். மாதம் ஒரு முறை போன் செய்வான். சாப்பிட்டாயா என்பான், உடம்பைப் பார்த்துக்கொள் என்பான், அதற்குள் யாராவது அவனைக் கூப்பிட்டுவிடுவார்கள். அதைத் தவிர அவள் போனில் வருவதெல்லாம் கேஸ் ஏஜென்சியும் தவறான அழைப்புகளும்தான்.

அவள் கேட்டு வாங்கிக்கொண்டது சொந்த வட்டாரத்தையே. மூடிக் கிடக்கும் பல்பு கம்பெனிக்குப் பின்னால் மூன்று தெருக்கள், ஒரு சந்து, இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள். இருபது வருடம் அங்கேயே குடியிருந்தும் நான்கு வீட்டுக்காரர்களின் முகம்கூட அவளுக்குச் சரியாகத் தெரியாது. கணக்கெடுப்பவரின் வீட்டை மட்டும் சேர்க்கக் கூடாது என்பது விதி. ஆகவே தன் வீட்டைப் பூட்டிவிட்டு, கழுத்தில் அடையாள அட்டையும் கையில் அரசாங்கம் கொடுத்த டேப்லெட்டுமாக அடுத்த வீட்டிலிருந்து தொடங்கினாள்.

டேப்லெட்டுக்கு ஒரு குணம் உண்டு. வீட்டில் பதினைந்து வயதுக்கு மேல் இருக்கும் எல்லோரையும் அதில் பதிந்தால், அதுவே குருட்டாம்போக்கில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். அவர்தான் பதில் சொல்ல வேண்டும், வேறு யாரும் குறுக்கே பேசக் கூடாது. மாமனார் சட்டையை மாட்டிக்கொண்டு, தலைவாரிக்கொண்டு முன்னால் வந்து உட்காருவார். டேப்லெட் மருமகளைக் கேட்கும். மூத்த மகன் கால்மேல் கால் போட்டுக்கொண்டு தயாராக இருப்பான். அது காது கேட்காத சித்தப்பாவைக் கேட்கும். அந்த வீட்டில் இதுவரை யாரும் எதையும் கேட்டிராத ஆள் யாரோ, அவரிடம் போய் நிற்பதில் அதற்கு ஒரு தனி சாமர்த்தியம் இருந்தது.

கேள்விகள் பதினொன்று. எல்லாமே 'கடந்த மூன்று மாதங்களில்' என்றுதான் தொடங்கும். கடந்த மூன்று மாதங்களில் படத்தையோ கோப்பையோ இணைத்துச் செய்தி அனுப்பினீர்களா? எழுத்தை ஓரிடத்தில் நகலெடுத்து வேறோர் இடத்தில் ஒட்டினீர்களா? செயலி எதையாவது நீங்களே நிறுவினீர்களா? பூட்டுக் குறியீட்டை மாற்றினீர்களா? ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பை மாற்றினீர்களா? இப்படியே போய், கணினியின் கணக்குத் தாளில் சூத்திரம் போட்டீர்களா, நிரல் எழுதினீர்களா என்பதில் முடியும். ஐந்துக்கு ஆமாம் என்றால் அவர் திறன் உள்ளவர், நான்கென்றால் இல்லாதவர். ஒரு வட்டாரத்தில் திறன் உள்ளவர்கள் நூற்றுக்கு நாற்பதுக்குக் கீழே இருந்தால் அங்கே மூன்று மாத இலவச வகுப்பு வரும், முடிவில் சான்றிதழும் உண்டு. தெருக்காரர்களிடம் கொடுக்கச் சொல்லித் தந்த துண்டுத்தாளில் இது கொட்டை எழுத்தில் இருந்தது.

முதல் இரண்டு நாள் பதில்கள் ஒரே மாதிரிதான். இல்லை, இல்லை, இல்லை. அக்காவுக்குக் கேட்கவே சங்கடமாக இருந்தது. ஒரு மனுஷனை உட்கார வைத்துப் பதினொரு தடவை இல்லை என்று சொல்லவைப்பது லேசான காரியமில்லை. மூன்றாவது இல்லையில் சிரிப்பு நிற்கும், ஆறாவதில் முகம் சுண்டிவிடும், ஒன்பதாவதில் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பார்கள். இஸ்திரிக் கடைக்காரர் ஏழாவது கேள்வியிலேயே, இதெல்லாம் தெரிந்தால் நான் ஏன் இங்கே நின்று வேகிறேன் என்று எரிந்து விழுந்தார்.

மூன்றாம் நாள் மாடி வீட்டில் டேப்லெட் மருமகளைத் தேர்ந்தெடுத்தது. கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆன பெண், வெளியூரிலிருந்து வந்தவள். புருஷன் வேலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான். மாமியார் அவளோடு அதிகம் பேச்சு வைத்துக்கொள்ளாதவர். நாலு பேர் முன்னால் வந்து உட்கார்ந்தது அவளுக்கு அதுவே முதல் தடவை போலிருந்தது. முதல் இல்லையைத் தைரியமாகச் சொன்னாள். ஐந்தாவதைச் சொல்லும்போது குரல் எழும்பவில்லை. ஆறாவதில் கண் கலங்கிவிட்டது. உள்ளேயிருந்து மாமியார், படிச்ச பொண்ணுன்னு சொன்னாங்க என்று யாருக்கோ சொல்வது போலச் சொன்னார்.

அக்கா டேப்லெட்டைக் கீழே வைத்தாள்.

"உன் போனைக் குடும்மா. இதெல்லாம் ஒண்ணுமே இல்ல, வா. இந்தச் செடியைப் படம் எடு. எடுத்தியா? இப்ப என் நம்பரைப் போட்டு அனுப்பு."

அந்தப் பெண் அனுப்பினாள். அக்காவின் கைப்பையில் போன் டிங் என்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு ஒரு வரியை நகலெடுத்து ஒட்டி அனுப்பினாள். ஒரு செயலியை நிறுவினாள், பூட்டை மாற்றினாள், படத்தை டேப்லெட்டுக்கு மாற்றிக் காட்டினாள். இருபது நிமிடத்தில் ஐந்து வேலை. அக்கா மறுபடி முதல் கேள்வியிலிருந்து தொடங்கினாள். கடந்த மூன்று மாதங்களில் படம் இணைத்துச் செய்தி அனுப்பினீர்களா? ஆமாம். பொய்யா அது? கடந்த மூன்று மாதங்களில் கடந்த மூன்று நிமிடங்களும் சேர்த்திதானே. அந்தப் பெண் ஐந்து ஆமாமையும் மாமியார் காதில் விழும்படி சொன்னாள்.

பதிலளிப்பவருக்கு எவ்விதத்திலும் உதவக் கூடாது என்று கையேட்டின் பதினான்காம் பக்கத்தில் இருந்தது. அக்கா அதைப் படிக்காதவளில்லை, இரண்டு தடவை படித்திருந்தாள். ஆனாலும் அன்றிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது. வீட்டுக்குள் போவாள், டேப்லெட் ஆளைத் தேர்ந்தெடுக்கும், முதலில் ஐந்து வேலை, அப்புறம் பதினொரு கேள்வி. ஏற்கெனவே போன இடங்களுக்குக்கூடத் திரும்பிப் போய், ஒரு திருத்தம் இருக்கிறது என்று உட்கார்ந்துகொண்டாள். இஸ்திரிக் கடைக்காரர் ஒரு வெள்ளைச் சட்டையைப் படமெடுத்து அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்துச்சா, போய்ச் சேர்ந்துச்சா என்று நாலு தடவை கேட்டார். எதுவும் பிடிபடாமல் பாதியில் போனை மூடி வைத்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு இல்லை என்றே போட்டாள். மற்றவர்களுடைய போனிலெல்லாம் தன் நம்பரையே பட்டியலில் முதல் ஆளாகப் பதிந்து வைத்தாள், தேட வேண்டாமே என்று.

பிறகு நடந்ததுதான் அவள் எதிர்பாராதது. மறுநாள் காலையில் மாடி வீட்டு மருமகள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அதே செடி, ஒரு மொட்டு விட்டிருந்தது. மத்தியானம் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் தன் கால் கட்டைவிரலின் படத்தை அனுப்பினார், வேண்டுமென்று எடுத்ததா தவறி எடுத்ததா என்று தெரியவில்லை. ஒரு வாரத்தில் நாற்பது பேர், ஒரு மாதத்தில் நூறு பேர். காலை வணக்கம், பூ, சூரிய உதயம், பேரப்பிள்ளை, ஒழுகும் குழாய், 'அக்கா இது என்ன பாருங்க' என்று ஒரு மின்சாரப் பில். அக்கா எல்லோருக்கும் பதில் அனுப்பினாள். குழாய்க்கு ஆள் சொன்னாள், மொட்டு எப்போது விரியும் என்று கேட்டாள். காலையில் கண் விழித்ததும் கை முதலில் போனைத் தேடியது. வீட்டில் யாரோ நடமாடுவது போல அது நாள் முழுக்கச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

அவர்கள் அழக் கூடாது என்றுதான் சொல்லிக் கொடுத்தேன் என்று அவள் மனசுக்குச் சொல்லிக்கொள்வாள். அது பாதி நிஜம். மறு பாதியும் அவளுக்குத் தெரியாமல் இல்லை. பதினாறு வருடம் ஒரு படுக்கையைச் சுற்றியே நடந்த பெண்ணுக்கு, நூற்றைம்பது பேர் தன்னை நினைத்து ஏதோ ஒன்றை அனுப்புகிறார்கள் என்பது சும்மா விட்டுவிடக்கூடிய சமாச்சாரமா?

கணக்கெடுப்பு முடிந்த மறு மாதமே முடிவுகள் வந்தன. புள்ளிவிவர அலுவலகத்தில் கூட்டம் போட்டார்கள். திரையில் கட்டம் கட்டமாக வட்டாரங்கள். முப்பத்திரண்டு, இருபத்தெட்டு, நாற்பத்தொன்று. நடுவில் ஒன்று மட்டும் பச்சைப் பசேலென்று எழுபத்தொன்று. அலுவலர் அக்காவை எழுந்து நிற்கச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்த சுற்றில் அவளை மேற்பார்வையாளராகப் போடப் போவதாகச் சொன்னார். மூடிப்போன கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் வட்டாரம் எப்படி இவ்வளவு முன்னேறியது என்று மேலிடமே ஆச்சரியப்பட்டதாம், அறிக்கையில் தனிப் பத்தியே எழுதப் போகிறார்களாம். அக்கா உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் வகுப்பு வரும் இடங்களின் பட்டியல் திரையில் வந்தது. அதில் அவள் தெருக்கள் இல்லை. இருக்கவும் முடியாது.

ஆனாலும் அன்றைக்கு அவள் வாயைத் திறக்கவில்லை. எழுபத்தொன்று என்றால் நல்லதுதானே, ஜனங்களுக்குத்தான் தெரிந்துவிட்டதே என்று மூன்று நாள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான்காம் நாள் மீட்டர்காரர் வந்தார்.

மீட்டர்காரர் பின்தெருவில் இருப்பவர். இருபத்திரண்டு வருடமாக வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்து எழுதுகிறவர். இந்த நகரத்தின் நாய்களில் பாதிக்கு அவரைத் தெரியும். இப்போது புது மீட்டர்கள் வந்துவிட்டன, அவை தாமாகவே அலுவலகத்துக்குக் கணக்கை அனுப்பிவிடுகின்றன. மீட்டர் பார்ப்பவர்களை அலுவலக வேலைக்கு மாற்றுகிறோம், ஆனால் வருடக் கடைசிக்குள் கணினிச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று மின்வாரியம் சொல்லியிருந்தது. வீட்டில் படுக்கையில் அம்மா, கல்லூரியில் மகள். துண்டுத்தாளைப் படித்த நாளிலிருந்து அந்த வகுப்பையே நம்பிக்கொண்டிருந்தார். அக்காவுக்கு அனுப்பிய முதல் படம்கூட அவர் வீட்டு மீட்டர்தான்.

வாசலிலேயே நின்றுகொண்டு, வகுப்பு எப்போது ஆரம்பம் என்று கேட்டார். அக்கா பேச்சை மாற்ற, உங்களுக்குத்தான் படம் அனுப்பத் தெரியுமே அண்ணா என்றாள்.

"அதை ஏன்மா கேக்கறே. நேத்து ஆபீஸ்ல பரீட்சை மாதிரி ஒண்ணு வெச்சாங்க. மீட்டரைப் படம் எடுத்து செக்ஷன் நம்பருக்கு அனுப்பச் சொன்னாங்க. நான் எடுத்து டக்குனு அனுப்பிட்டேன். வரலேங்கறாங்க. இன்னும் ரெண்டு தடவை அனுப்பினேன், வரலேங்கறாங்க. அப்புறம் பாத்தா மூணும் உனக்குத்தான் வந்திருக்கு. எனக்கு முதல் பேரை அமுக்கத்தான் தெரியும். வேற ஆளுக்கு எப்படி அனுப்பறதுன்னு தெரியல. எல்லாரும் சிரிச்சாங்க."

அக்கா போனை எடுத்துப் பார்த்தாள். முந்தின நாள் பதினொரு மணிக்கு ஒரே மீட்டரின் மூன்று படங்கள். அவற்றுக்கு அவள் ஒரு கைகூப்பிய படத்தைப் பதிலாக அனுப்பியிருந்தாள்.

அவர் போன பிறகு அக்கா இஸ்திரிக் கடைக்குப் போனாள். உங்கள் மகனுக்கு ஒரு படம் அனுப்புங்கள் என்றாள். அவர் ஒரு படம் எடுத்தார், அனுப்பினார். அக்காவின் போன் டிங் என்றது. டிரைவர் வீட்டுக்குப் போனாள், அங்கேயும் அதே டிங். மாடி வீட்டு மருமகள் மட்டும் கொஞ்சம் யோசித்துப் பட்டியலைத் தள்ளிப் பார்த்துவிட்டு, அம்மாவிடம் பட்டன் போன்தான் இருக்கிறது, படம் போகாது என்றாள். எழுபத்தொரு சதவிகிதமாம், பச்சைக் கட்டமாம், அறிக்கையில் தனிப் பத்தியாம். மூன்று தெருக்களும் ஒரு சந்தும் சேர்ந்து கற்றுக்கொண்டது ஒரே ஒரு ஆளுக்குப் படம் அனுப்புவதை. அந்த ஆள் அவள்தான்.

மறுநாள் அலுவலரிடம் போனாள். அவர் கெட்டவரில்லை. வேலை பார்த்து அலுத்துப் போனவர், நீலக் கோப்புகளுக்கு நடுவில் ஒரு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். அக்கா ஒன்றுவிடாமல் சொன்னாள். மாடி வீடு, ஐந்து வேலை, திரும்பிப் போய்த் திருத்தியது, எல்லாம். சொல்லி முடிக்கும்வரை அவர் பழத்தைக் கடிக்கவே இல்லை. அறிக்கை மேலே போயாயிற்றே, இப்போது என்ன செய்வது என்று தலையைப் பிடித்துக்கொண்டார். இந்த வேலை இனி உங்களுக்கு இல்லை, புரிகிறதா என்றார். புரிகிறது என்றாள். பேசாமல் இருந்திருக்கலாமே என்றார். வகுப்பு வராதே சார் என்றாள்.

அவர் பழத்தை ஒரு கோப்பின் மேல் வைத்தார். பிறகு அவருக்குள் இருந்த புள்ளிவிவரக்காரர் விழித்துக்கொண்டார். இரண்டாவது பட்டியல் ஐந்து மாதத்தில் முடிவாகும், அதற்குள் வேறு ஆளை அனுப்பி மறுபடி கணக்கெடுக்கலாம். ஆனால் ஒரு சிக்கல்.

"இன்னிக்கே எடுத்தாலும் அதே ஆமாம்தான் வரும். காலைல கூட உங்களுக்குப் படம் அனுப்பியிருக்காங்க, நீங்க சொல்லிக் குடுத்த மத்த நாலுக்கும் இன்னும் மூணு மாசம் ஆகல. கேள்வி கடந்த மூணு மாசத்தைப் பத்தி. யாருக்கு அனுப்பினேன்னு அது கேக்காது. மூணு மாசம் உங்களுக்கு யாரும் எதுவும் அனுப்பாம இருந்தா, அப்பத்தான் நிஜம் வெளிய வரும்."

வேறு யாருக்காவது தாங்களாகவே கற்றுக்கொண்டு அனுப்பினால் அனுப்பட்டும், அது அவர்கள் திறமை, அதை எண்ணிக்கொள்ளலாம் என்றார். அக்காவுக்கு அனுப்புவது மட்டும் நிற்க வேண்டும். அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். அவருக்கு அது ஒரு கணக்கு.

அக்கா வீட்டுக்கு வந்து ஒரு நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தாள். போன் டிங் டிங் என்றுகொண்டிருந்தது. அன்றைக்கு ஒன்றுக்கும் பதில் போடவில்லை. பதில் வரவில்லையே என்று பதினேழு பேர் என்னாச்சு அக்கா என்று கேட்டிருந்தார்கள். அந்தப் பதினேழையும் திரும்பத் திரும்பப் படித்தாள். மறுநாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

இந்தத் தடவை கையில் டேப்லெட் இல்லை. வீடு வீடாகப் போய் விஷயத்தைச் சொன்னாள், போனை வாங்கினாள், பட்டியலில் முதலில் இருக்கும் தன் பெயரைத் தன் கையாலேயே அழித்தாள். நாலு நாள் ஆயிற்று. சிலருக்குப் புரிந்தது, பலருக்குப் புரியவில்லை. அன்றைக்கு அனுப்பு அனுப்பு என்று உயிரை வாங்கினீர்கள், இன்றைக்கு அனுப்பாதே என்கிறீர்கள், அரசாங்கத்துக்கு மண்டை குழம்பிவிட்டதா என்றார் இஸ்திரிக் கடைக்காரர். டிரைவர், அப்போ என் கட்டைவிரலைப் பார்க்க இனி ஆளில்லை என்று சிரித்துவிட்டுப் போனைக் கொடுத்தார். மீட்டர்காரர் தானே போனைத் திறந்து நீட்டினார். அவள் அழித்து முடித்ததும் போனை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, உன் வேலை போச்சாமே என்றார். பரவாயில்லை அண்ணா, அச்சகத்தில் வேலை தருவார்கள் என்றாள்.

மாடி வீட்டைக் கடைசியாகத்தான் வைத்திருந்தாள். மருமகள் போனைக் கொடுத்தாள். அக்கா அழிக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். செடியில் அதற்குள் ஏழெட்டுப் பூ பூத்திருந்தது.

"சரிக்கா, உங்களுக்கு அனுப்பல. வேற யாருக்கு அனுப்பறது?"

அக்கா போனைத் திருப்பிக் கொடுத்தாள். வகுப்பு வந்தால் நாலு பேர் பழக்கமாவார்கள் என்று ஏதோ சொன்னாள். மூன்று மாதம்தானே என்றாள். படியிறங்கும்போது கண்ணில் நீர் முட்டியது. தனக்காகவா அந்தப் பெண்ணுக்காகவா என்று பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை.

அந்த மூன்று மாதம் எப்படிப் போயிற்று என்று கேட்டால், மெல்லப் போயிற்று என்பதைத் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை. தட்டச்சு வேலை வந்தது, செய்து கொடுத்தாள். அச்சகக்காரர் தாளைக் கொண்டுவந்து கொடுத்து, நினைவட்டையில் வாங்கிக்கொண்டு போய்விடுவார். தம்பி மூன்று தடவை போன் செய்தான். முதல் வாரம் பழக்க தோஷத்தில் போனை எடுத்து எடுத்துப் பார்த்தாள். கெட்டுப்போய்விட்டதோ என்று ஒரு நாள் கடையில் கொடுத்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருக்கிறது என்று கடைக்காரர் திருப்பிக் கொடுத்தார். தெருவில் எதிர்ப்பட்டவர்கள் தலையசைத்தார்கள், ஓரிருவர் நின்று பேசினார்கள். ஆனால் தெருவில் நின்று பேச என்ன இருக்கிறது? ஒழுகும் குழாயையும் மொட்டையும் கையில் தூக்கிக்கொண்டு யாரும் தெருவுக்கு வருவதில்லை.

இதன் முடிவை இப்போதே சொல்லிவிடலாம். மறு கணக்கெடுப்பில் அந்த வட்டாரம் முப்பத்தாறு. பட்டியலில் ஏறிவிட்டது. பல்பு கம்பெனியின் பழைய உணவுக்கூடத்தைக் கூட்டிப் பெருக்கி இருபது கணினி போட்டார்கள். மீட்டர்காரர் முதல் வரிசையில் உட்கார்ந்து, வருடக் கடைசிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது சான்றிதழ் வாங்கினார். மாடி வீட்டு மருமகள் அங்கே பழக்கமான மூன்று பெண்களோடு எப்போதும் போனில்தான் இருக்கிறாள் என்று மாமியார் குறைப்பட்டுக்கொள்கிறாராம். இதெல்லாம் அக்காவின் காதுக்கு வந்தது. சந்தோஷப்பட்டாள், நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். யாரும் அவளுக்கு மறுபடி எழுதவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, அவள் நம்பர் யாரிடமும் இல்லையே.

இதற்கெல்லாம் முன்னால் நடந்த ஒன்று பாக்கி இருக்கிறது. மறு கணக்கெடுப்பின் மூன்றாம் நாள், காலை பத்து மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். அக்கா திறந்தாள். கழுத்தில் அட்டையும் கையில் டேப்லெட்டுமாக மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு மனிதர். கூட்டத்தில் அவளுக்குக் கை தட்டியவர்களில் ஒருவர். அவளைப் பார்த்ததும் சங்கடப்பட்டார். நீங்கள் இப்போது வேலையில் இல்லாததால் இந்த வீடும் கணக்கில் வருகிறது, தப்பாக நினைத்துக்கொள்ளக் கூடாது என்றார். அக்கா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். ஒருவர் என்றாள். டேப்லெட்டுக்குத் தேர்ந்தெடுக்க வேறு ஆள் இல்லை. அதன் சாமர்த்தியம் அந்த வீட்டில் செல்லவில்லை. அவளையே கேட்டது.

"கடந்த மூணு மாசத்துல, படமோ கோப்போ இணைச்சு யாருக்காவது செய்தி அனுப்பினீங்களா?" என்று படித்தவர், தலையைத் தூக்காமலே ஆமாம் என்பதன் மேல் விரலைக் கொண்டுபோனார்.

"இல்லை," என்றாள் அக்கா.

அவர் நிமிர்ந்தார். "என்ன மேடம், உங்களுக்குத் தெரியாததா? தெருவுக்கே நீங்கதானே கத்துக் கொடுத்தீங்க."

"தெரியுமான்னு அதுல கேக்கல சார். அனுப்பினீங்களான்னுதான் கேக்குது. நான் யாருக்கும் அனுப்பல."

அவர் இல்லை என்பதை அழுத்திவிட்டு அடுத்த கேள்வியைப் படித்தார். எழுத்தை நகலெடுத்து ஒட்டினீர்களா என்பதற்கு, தட்டச்சில் தினமும் செய்வதால் ஆமாம் என்றாள். கோப்பை மாற்றியதற்கும் ஆமாம். செயலி நிறுவவில்லை, தேவைப்படவில்லை. பூட்டை மாற்றவில்லை, அவள் போனை எடுத்துப் பார்க்க யார் இருக்கிறார்கள்? கணக்குத் தாளில் சூத்திரம் அச்சகக்காரருக்காக ஒரு தடவை போட்டிருந்தாள், அது மூன்றாவது ஆமாம். மற்றதெல்லாம் இல்லை. பதினொன்றும் முடிந்தன. மூன்று ஆமாம், எட்டு இல்லை. திறன் இல்லாதவர் என்று டேப்லெட் தானாகவே காட்டியது. கண்ணாடிக்காரர் திரையை அவள் பார்க்காதபடி லேசாகத் திருப்பிக்கொண்டார்.

"அந்த முதல் கேள்வியை வேணா இன்னொரு தடவை யோசிச்சுச் சொல்றீங்களா மேடம்? யாருக்காவது... ஒரு காலை வணக்கமாவது..."

அக்கா யோசித்தாள். கேட்டுவிட்டாரே என்பதற்காக நிஜமாகவே யோசித்தாள். போன மாதம், அதற்கு முந்தின மாதம், அதற்கும் முந்தினது.

"இல்லை சார், ஒருத்தருக்கும் இல்ல. அப்படியே போடுங்க," என்றாள்.